மட்கார்டு ஒன்றா, பலவா?

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலிக்குள் வரும் அயற்சொல் முதல் அசையைக் காட்டித்தான் நுழைய வேண்டும். பெயர்ச்சொல்லின் இனம், ஒருமை, பன்மை எல்லாம் பெரும்பாலும் அந்த முன்னொட்டில்தான் இருக்கின்றன.

ஆங்கில 'மட்கார்டு' அங்கே 'மடிகாடி' ஆனது. 'ம' பன்மை முன்னொட்டு என்பதால் அதைக் கழற்றி, ஒரு மட்கார்டுக்கு 'டிகாடி' என்றார்கள். ரவுண்டானாவின் 'கீப் லெஃப்ட்' பலகையிலிருந்து, ரவுண்டானாவுக்கே 'கிபிலெஃப்டி' என்ற பெயர் பிறந்தது. 'கி' ஒருமை என்பதால் பன்மை 'விபிலெஃப்டி'. எவ்வளவு அழகான இலக்கணம்! இதைச் சிதைவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

தெற்கே, தென் ஆப்பிரிக்கப் பகுதியில் பேசப்படும் த்ஸ்வானா மொழியிலும் இதே வேலைதான். டச்சிலிருந்து கிளைத்த ஆப்பிரிகான்ஸ் மொழியின் 'ஸ்கூல்' (பள்ளி) அங்கே 'செகோலோ'. 'செ' ஒருமை, பன்மை 'டிகோலோ'.

புதிதாகப் படிப்பவர்கள் இடறுவது, எல்லாச் சொல்லும் இப்படி மாறும் என்று நினைத்து. சுவாஹிலியில், போர்த்துகீசிய 'மெசா'விலிருந்து வந்த 'மேஸா' (நம் மேசைக்கும் அதுவே மூலம்), ஜெர்மன் 'ஷூலெ'யிலிருந்து வந்த 'ஷுலே' (பள்ளி) இரண்டும் பன்மையிலும் மாறா. அடுத்து வரும் சொற்களைப் பார்த்துத்தான் எண்ணிக்கையை அறிய வேண்டும்.

சுவாஹிலியில் புத்தகத்தைக் குறிக்கும் 'கிதாபு' - 'விதாபு'வை மட்டும் காலனியக் கணக்கில் எழுதாதீர்கள். அது அரபு, இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வரவு.