மெயில் கீயை மொழி மாற்றும் கீயாக்கியது: லினக்ஸில் மல்டிமீடியா கீபோர்டு

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றின் பில் மேஜைக்காகச் செய்தது. டெபியன் என்ற லினக்ஸ், ஜினோம் டெஸ்க்டாப். பெங்களூரா, செந்தூரா, நீலம் என்று ரகத்தின் பெயர் தமிழில் வர வேண்டும், வியாபாரியின் குறியீடு ஆங்கிலத்தில். வரிக்கு வரி மொழி மாற்ற வேண்டியிருப்பதால் அதற்கு ஒற்றைக் கீ தேவை. கீபோர்டின் மேல் வரிசையில் யாரும் தொடாத மெயில் கீ இருக்கிறது.

ஒலி, கால்குலேட்டர் கீகள் செருகியதுமே வேலை செய்யும். கீபோர்டு, மவுஸ் போன்ற சாதனங்களுக்கான எச்ஐடி தரத்தில் அவற்றுக்கு நிலையான எண் உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதை அறியும்.

முதலில், அழுத்தும் கீயின் எண்ணைக் காட்டும் எவ்டெஸ்ட் புரோகிராமை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ஓட்டுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே யூஎஸ்பி கீபோர்டு பட்டியலில் இரண்டு முறை வரும்: எழுத்துக் கீகள் ஒன்றில், மல்டிமீடியா கீகள் 'கன்ஸ்யூமர் கண்ட்ரோல்' என்ற மற்றொன்றில். முதலாவதைத் திறந்து மெயில் கீயை அழுத்தினால் ஒன்றும் வராது, கீ செத்துவிட்டதென்று நினைத்துவிடுவோம். இரண்டாவதில் ஸ்கேன் மதிப்பு (கீபோர்டு அனுப்பும் எண்) சி018ஏ, கீகோடு (கெர்னல் அதற்குத் தரும் எண்) 155 என்று தெளிவாக விழும். இரண்டிலுமே வராத கீ, எஃப்என் கீயைப் போல, பெரும்பாலும் கீபோர்டின் உள் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள்ளேயே முடிந்துவிடுவது.

மெயில் கீயை அழுத்தினால் ஜினோம் நேரே மெயில் புரோகிராமைத் திறக்கும். அதோடு மல்லுக்கட்டாமல், கீழே, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் மட்டத்திலேயே கீயின் அடையாளத்தை மாற்றுவது நல்லது. யூடெவின் எச்டபிள்யூடிபி (சாதனத் தகவல் தொகுப்பு) ஃபோல்டரில் 90 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு, அதில் இரண்டே வரி. முதல் வரி கீபோர்டைக் குறிப்பது: யூஎஸ்பி என்றால் பஸ் எண் 0003, புளூடூத் என்றால் 0005, பிறகு தயாரிப்பாளர் எண், சாதன எண், கடைசியில் நட்சத்திரக் குறி. இந்த எண்களில் வரும் ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். இரண்டாம் வரியில் ஸ்கேன் மதிப்புக்குச் சிறிய எழுத்து. அந்த மதிப்புக்குப் புதிய கீயாக 'புரோக்1' என்ற பெயரைக் கொடுங்கள். இந்த இரண்டாம் வரி ஓர் இடைவெளியோடு தொடங்காவிட்டால் அது முந்தைய வரியோடு சேராது, மாற்றமும் நடக்காது. எஃப்13 கொடுக்கத் தோன்றும், வேண்டாம்: டெஸ்க்டாப் கீகளுக்குப் பொருள் தரும் எக்ஸ்கேபி அட்டவணையில் அது 'டூல்ஸ்' கீ, ஜினோமில் செட்டிங்ஸ் திறந்துகொள்ளும்.

சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட் ஓட்டி, கீபோர்டைக் கழற்றி மாட்டுங்கள். எவ்டெஸ்ட்டில் புரோக்1-இன் கீகோடான 148 வந்தால் சரி. வராவிட்டால் யூடெவ்அட்மின் இன்ஃபோவில் பாருங்கள்: உங்கள் வரியே அங்கே இல்லையென்றால் முதல் வரி பொருந்தவில்லை, வரி இருந்தும் கீ மாறவில்லையென்றால் ஸ்கேன் மதிப்பு தவறு. பிறகு கீபோர்டு ஷார்ட்கட்டில் 'அடுத்த உள்ளீட்டு மொழி' என்பதைத் தேர்ந்து மெயில் கீயை அழுத்தினால், புரோக்1-க்கு எக்ஸ்கேபி தரும் பெயரான 'லாஞ்ச்1' என்று பதிவாகும்.

ஜூம் கீகள் தனிக் கதை. பெரிதாக்கும் கீயின் கீகோடு 418. திரையையும் கீபோர்டையும் கையாளும் பழைய முறையான எக்ஸின் நெறிமுறை கெர்னல் எண்ணோடு 8 கூட்டும், 255-க்கு மேல் ஏற்காது. ஆகவே 247-ஐத் தாண்டிய கீ எவ்டெஸ்ட்டில் வந்தும் எக்ஸ் அமர்வில் வராமல் போகலாம். எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டில் இந்த வரம்பு இல்லை. பழைய கணினியில் எக்ஸ்தான் என்றால், அதே கோப்பில் ஜூம் கீகளை 177, 178 எண்ணுள்ள ஸ்க்ரோல்அப், ஸ்க்ரோல்டவுன் என்று மாற்றிவிட்டால் ஷார்ட்கட்டுக்குப் பயன்படும்.