வெட்டிவேர் தைலம் வேறு, வெட்டிவேர் ஊறிய எண்ணெய் வேறு

வெட்டிவேர் எண்ணெய் என்ற பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது, இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் வாங்குகிறார்கள். ஒன்று, தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ வேரை ஊறப்போட்டு எடுப்பது. அதைத் தலைக்குத் தாராளமாகத் தேய்க்கலாம். இன்னொன்று வேரை நீராவியில் வடித்து எடுக்கும் தைலம். சின்னக் குப்பியில் வரும், பழுப்பாக இருக்கும், சாய்த்தால் மெதுவாகத்தான் வழியும். நான் சொல்ல வந்தது இதைப் பற்றி.

வெட்டிவேர்ப் புல்லின் தாளைக் கசக்கி முகர்ந்தால் ஒன்றும் இருக்காது, வாசனை முழுக்க வேரில்தான். கடலூர் மாவட்டத்துக் கடலோர மணல் நிலங்களில் இதைப் பயிரிடுகிறார்கள். மணலாக இருந்தால் வேர் அதிகம் அறுபடாமல் தோண்டலாம். நட்டு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பொறுத்து, தோண்டி, மண் போக அலசி, உலர்த்தி, நறுக்கி வடிகலனில் போட்டால் அடுப்பு ஒரு பகல் ஒரு ராத்திரி எரிய வேண்டும், சில சமயம் அதற்கு மேலும். அப்புறமும் நூறு கிலோ காய்ந்த வேருக்குக் கிடைப்பது ஒரு கிலோவை ஒட்டித்தான். விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு நேரம்? குசிமால், வெட்டிவோன் என்று இதில் இருக்கும் பொருள்கள் கனமானவை, லேசில் ஆவியாகாதவை. விறகை மிச்சம் பிடிக்க அடுப்பைச் சீக்கிரம் அணைத்தால் அவற்றில் பாதி வேரிலேயே தங்கிவிடும், தைலமும் ஆழமில்லாமல் பச்சை வாடையோடு நிற்கும். இதே கனம்தான் தோலில் மணம் நிற்பதற்கும் காரணம். வாசனைத் திரவியம் செய்பவர்கள் எலுமிச்சை மாதிரி சட்டென்று பறந்துவிடும் மணங்களுக்குக் கீழே இதைப் போட்டுப் பிடித்துவைக்கிறார்கள். 1959-ல் பிரான்சின் கெர்லான் நிறுவனம் இந்த வேரின் பெயரிலேயே ஒரு வாசனைத் திரவியம் வெளியிட்டது.

நல்ல தைலமா என்று பார்க்க ஒரு துளியைக் காகிதத் துண்டில் விட்டு வையுங்கள். முதலில் ஈரமண்ணும் கொஞ்சம் புகையும் கலந்து மூக்கில் ஏறும், பலருக்கு அது பிடிக்காது. சரி, விட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்தால் உள்ளே ஒரு இனிப்பு தெரியும், மறுநாளும் இருக்கும். சாயங்காலத்துக்குள் மணமே இல்லை என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன ஊரான கன்னோசியில் செப்புப் பாத்திரத்தில் வடிக்கும் தைலம் பச்சை நிறமாக இருக்கும். சாயம் கலந்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம், செம்பு பட்டு வரும் நிறம் அது.

இந்தத் தைலத்தை அப்படியே தோலில் தடவாதீர்கள். 30 மில்லி நல்லெண்ணெய்க்கோ பாதாம் எண்ணெய்க்கோ ஆறு துளி, அதுவே தாராளம். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். பரு போகும், சுருக்கம் மறையும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். குளித்த ஈரத்தோடு கழுத்திலும் கைகளிலும் தடவி, நாள் முழுக்க அந்த மணத்தோடு இருப்பதற்காக வாங்குங்கள். கலந்த எண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும், அதனால் கொஞ்சமாகவே கலந்து வையுங்கள். தைலக் குப்பியை இறுக மூடி இருட்டில் வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது, மணம் இன்னும் மெருகேறும்.