அப்பாவின் நெகட்டிவ்களும் பரணில் இருந்த பெட்டியும்

சென்ற ஆண்டுக் கோடையில் பரணிலிருந்து இறக்கிய அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறியது. கறுப்பு வெள்ளை பிலிம் நூறாண்டு தாங்கும் என்று அவர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அது படத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்களுக்குப் பொருந்தும். அவற்றைச் சுமக்கும் அசிடேட் என்னும் பிளாஸ்டிக் அடித்தளமோ வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, வினிகரின் நெடிக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது, அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது.

அமெரிக்காவின் ராச்செஸ்டரிலுள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும், அமிலம் பட்டால் நிறம் மாறும் ஏ-டி சோதனைத் தாள்களை வரவழைத்து, நெகட்டிவ்களைச் சிறு டப்பாக்களாகப் பிரித்து, டப்பாவுக்கு ஒரு தாள் வீதம் உள்ளே வைத்து ஒரு நாள் முழுவதும் மூடி வைத்தேன். நீலத் தாள் நீலமாகவே இருந்தால் கேடில்லை. பச்சையானால் சிதைவு வேகமெடுக்கும் கட்டத்தை நெருங்கிவிட்டது. மஞ்சளானால் உடனே நகலெடுக்க வேண்டும். பரணில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையில் நின்றன. படுக்கையறை மர பீரோவில் இருந்தவை நீலமாகவே இருந்தன. இரு இடங்களிலும் ஊட்டியில் தயாரான இந்து பிலிமும் இருந்தது, கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோவும் இருந்தது. ஆகவே பிலிமின் பெயரைவிட, மொட்டைமாடித் தளத்தின் அடியில் தேங்கிய வெக்கைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

பீரோவிலும் சில நெகட்டிவ்கள் பழுப்பேறியிருந்தன. சரியாகக் கழுவப்படாத பிலிமில் தங்கும் ஹைப்போ என்னும், படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம், ஆண்டுகள் செல்லச் செல்ல வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றுவதால் வரும் கறை அது. உறைகளில் அப்பா எழுதியிருந்த தேதிகளைப் பார்த்தால், அவை தண்ணீர்ப் பஞ்சம் மிகுந்த கோடை மாதங்களில் கழுவியவை. பிலிம் கழுவும் டாங்கில் தண்ணீரை மாற்றி மாற்றி நிரப்பி 5, 10, 20 முறை கவிழ்த்து அலசும், இல்ஃபோர்டு என்ற பிலிம் நிறுவனத்தின் முறையை நான் இப்போது கையாள்கிறேன். சில குவளைத் தண்ணீரே போதும். அது அவருக்குத் தெரிந்திருந்தால் என்ற ஏக்கம் இன்னும் தீரவில்லை.

கறை போகும் என்று நம்பி ஒரு நெகட்டிவை மறுபடி கழுவியது பெரும் பிழை. வெள்ளித் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் ஜெலட்டின் படலம் பூஞ்சை தின்றிருந்தால் தண்ணீரில் கரைந்துவிடும் என்பதை, ஆச்சியின் முகம் தொட்டியில் வழிந்தோடிய பிறகே அறிந்தேன். அதன்பின் எதிலும் தண்ணீர் படவிடவில்லை. மென்தூரிகையால் தூசியை மட்டும் நீக்கினேன்.

மஞ்சள் காட்டியவற்றை முதலில் லைட் பேனலில் வைத்து மேக்ரோ லென்ஸால் படமெடுத்தேன். பின்னர் பிவிசி உறைகளைக் களைந்து அமிலமற்ற தாள் உறைகளுக்கு மாற்றி, காற்றுப் புகாத இரட்டைப் பைகளில் இட்டு ஃப்ரீசரில் வைத்தேன். குளிர் சிதைவைத் தாமதப்படுத்துமே தவிர, நடந்ததைத் திருப்பாது. வெளியே எடுக்கும்போது, அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பிலிமின்மேல் நீர் முத்துக் கோத்துவிடும். நீலம் காட்டியவை அதே பீரோவில், ஆண்டுக்கொரு புதிய சோதனைத் தாளோடு இருக்கின்றன.