சாயத்திலிருந்து தண்ணீருக்கு: என் வேலைக் கதையைக் கோத்த விதம்

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நான் ஒரு பட்டறையின் லேபில் ஷேடு எடுக்கும், அதாவது கேட்ட நிறம் வரும்படி சாயக் கலவையைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். அப்புறம் துணிக்கடை, பிரிண்டிங், ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் இந்த வரிசையையே ஒப்பிப்பேன். ஓரிடத்தில் நிலைக்காதவன் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

கோவையில் ஒரு தொழில் ஆலோசகர், மார்க் சாவிக்காஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த கேள்விகளை என்னிடம் கேட்டார். சிறுவயதில் யாரை வியந்தீர்கள்? எந்த இதழ், எந்த நிகழ்ச்சி? பிடித்த கதை? பிடித்த வாசகம்? மனதில் நிற்கும் மிகப் பழைய நினைவு?

முதல் கேள்விக்கு எங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். அவரிடம் என்ன பிடித்தது என்று ஆலோசகர் விடாமல் கேட்டார். தண்ணீர் ஏறவில்லையென்றால் ஃபுட்வால்விலிருந்து ஸ்டார்ட்டர் வரை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காரணம் பிடிபடாமல் எதையும் மாற்றச் சொல்லமாட்டார். சொல்லும்போதே புரிந்தது, லேபில் நானும் அப்படித்தான். ஷேடு தப்பினால் சாயத்தில் கைவைக்குமுன் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதிப்பேன்.

பழைய நினைவுதான் கனமானது. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் அப்பச்சியின் தோட்டம். கிணற்று நீர் உப்புக் கரித்தது. பருத்தியில் சாயம் பிடிக்க உப்புச் சேர்க்க வேண்டும். கழிவோடு அது நொய்யலில் இறங்கியது. சோறு போட்ட தொழிலைப் பற்றி நேர்காணலில் இதைச் சொல்லலாமா? பதில்களைக் கோத்து ஒரு பத்தியாக எழுதியிருந்தேன். அதை வீட்டில் படித்துக் காட்டச் சொன்னார் ஆலோசகர். அம்மா கேட்டுவிட்டு, "அப்பச்சி கிணற்றைச் சொல்லாவிட்டால் நீ ஏன் தண்ணீர் வேலைக்குப் போனாய் என்று யாருக்கு விளங்கும், கண்ணு?" என்றார்.

சொன்னேன். அடுத்த நேர்காணலில் வேலை மாறிய காரணத்தை யாரும் கேட்கவில்லை. கழிவுநீரை வடிகட்டும் சவ்வு அடைத்துக்கொண்டால் முதலில் எதைப் பார்ப்பாய், ஆவியாக்கியில் மீட்கும் உப்பு மறுபடி சாயத்துக்கு ஆகுமா என்றே பேச்சு ஓடியது. இப்போது உப்பு மீட்கும் பிரிவில் இருக்கிறேன். சுற்றுச்சூழல் படிப்பு ஒன்றுக்கு விண்ணப்பிக்க அதே பத்தியை விரித்து எழுதிவருகிறேன். துணிக்கடைக் காலம் மட்டும் அதில் எங்கும் பொருந்தவில்லை. வலிந்து பொருத்தவும் நான் விரும்பவில்லை.