எந்தப் பாஷையில் கேட்டீர்கள்?

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "எப்ப நடப்பாரு?" பேச்சு போயிருப்பதைக் காது கேட்கவில்லை என்றோ புத்தி மாறிவிட்டது என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. மூளையில், அநேகமாக இடப்பக்கத்தில், மொழியைக் கையாளும் இடம் அடிபட்டிருக்கிறது. அஃபேசியா என்பது இதுதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பேச்சும் புரிதலும் எவ்வளவு இருக்கிறது என்ற சோதனையைத் தொடங்கும் முன்பே வீட்டுப் பாஷை எது என்று கேட்டாக வேண்டும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, வெளியில் தமிழ் என்பது சர்வசாதாரணம். இரண்டும் ஒரே அளவில் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதிகம் புழங்கிய மொழிதான் முந்தும் என்று பிரெஞ்சு மருத்துவர் பித்ர் 1895இல் எழுதினார். முதலில் கற்றதே மிஞ்சும் என்பது பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவின் கட்சி. ஆளுக்கு ஆள் இரண்டும் பொய்த்துப் போகும். தண்ணீர் வேண்டுமா என்று தமிழில் கேட்டால் விழிக்கிறவர், அதையே தெலுங்கில் "நீள்ளு காவாலா?" என்றதும் தலையாட்டலாம். தமிழில் மட்டும் கேட்டுவிட்டுக் கேஸ் ஷீட்டில் "புரிதல் இல்லை" என்று எழுதினால், அந்த வரி அவரை விடாது.

தலையாட்டலையும் அப்படியே நம்பக்கூடாது. சொம்பை நீட்டிக்கொண்டே தண்ணீர் வேண்டுமா என்றால் சொம்பைப் பார்த்தே ஆட்டுவார். கையை மறைத்துக்கொண்டு கேளுங்கள். "இது ஓசூரா?", "இது சேலமா?" என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள், எல்லாவற்றுக்கும் "ஆமா" வந்தால் அது பதில் அல்ல. கேட்டபின் 10 வினாடி யாரும் வாய் திறக்கக்கூடாது. வீட்டாருக்குக் கஷ்டமான பயிற்சி இதுதான்.

"தண்ணி" வராதவருக்குக் கெட்ட வார்த்தை சுத்தமாக வரும். வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டில் கோபப்படுவார்கள். பழகித் தானாக வரும் பேச்சு வேறு, யோசித்துத் தேடும் வார்த்தை வேறு. அந்தப் பழக்கத்தையே பிடித்துக்கொள்ளலாம்: ஞாயிறு, திங்கள் என்று சேர்ந்து சொல்லி, செவ்வாயில் நாம் நிறுத்துவது, பிறகு "குடிக்கத்..." என்று பாதியில் விடுவது; மிச்சத்தை அவர் சொல்லட்டும். பால், மாத்திரை, வலி, பாத்ரூம் என்று அன்றாடம் வேண்டிய 20 வார்த்தை போதும், போனில் படத்தோடு. அறுபது வயதுக்காரரிடம் அணில், ஆடு புத்தகத்தை நீட்டாதீர்கள்.

பக்கவாதம் விழுங்குவதையும் பாதிக்கலாம். சாப்பாட்டில் இந்தப் பக்கத்துச் சிக்கல் களி. மெல்லாமல் உருண்டையாக விழுங்கிப் பழகியவர் அப்படியே விழுங்கப் பார்ப்பார், தொண்டையில் அடைக்கும். தண்ணீரும் மோரும் சீக்கிரம் வழுக்கி மூச்சுக்குழாய்க்குள் போகும், சிலருக்கு இருமல்கூட வராது. விழுங்குவதைச் சோதிக்கும்வரை வாய்வழியே எதுவும் வேண்டாம். பிறகு சிலருக்குக் கட்டியில்லாத கெட்டிக் கூழ் சரிப்படும்: நிமிர உட்கார வைத்து, ஸ்பூன் ஸ்பூனாக. முடிந்ததும் பலவீனமான பக்கக் கன்னத்தில் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பேச முடியாதவரைக் கேட்டறிய முடியாது என்பதால் தூக்கம், சாப்பாடு, பயிற்சியில் ஒதுங்குவது ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். காரணமில்லாமல் பீறிட்டு அழுவது வேறு சங்கதி. அதற்கும் மருந்து உண்டு.

காலையில் வந்த வார்த்தை சாயங்காலம் வராமல் போகும். பின்னடைவு என்று பயப்பட வேண்டாம், அது களைப்பு. பயிற்சியைக் காலையில் 20 நிமிடம் வையுங்கள். ஆனால் ஓரளவு பேசத் தொடங்கியவருக்குத் திடீரென்று பேச்சு குழறினால் களைப்பு என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.