உரிமையாளர்களுக்கு எழுதுவது

டெக்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் ஓர் ஊரக மின்கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். உறுப்பினர்களுக்கான செய்திகளை எழுதுவது என் பொறுப்பு. மாத இதழில் எங்கள் சங்கத்துக்கென ஒதுக்கிய பக்கங்கள், கட்டண ரசீதோடு உறையில் போகும் துண்டுத் தாள், மின்தடைக் குறுஞ்செய்தி, ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு எல்லாம் என் மேசையிலிருந்துதான் புறப்படுகின்றன. ஊரில் சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னால், "மின்வாரியத்தில் மக்கள் தொடர்பு அதிகாரியா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. வாரியம் அரசுடையது. எங்கள் சங்கமோ தன்னிடம் மின்சாரம் வாங்குகிறவர்களுக்கே சொந்தம். நம் கிராமத்துப் பால் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர் எப்படி உறுப்பினரோ, அப்படி இங்கே மீட்டர் வைத்திருக்கிறவர் உறுப்பினர். ஆயிரம் ஏக்கர் பண்ணைக்காரருக்கும் ஒரு வாக்குதான். தகரக் கொட்டகையில் தனியாக வாழும் கிழவிக்கும் ஒரு வாக்குதான்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என் வேலையின் கனம் எனக்குப் புரிந்தது. 1930களின் நடுவில் அமெரிக்க நகர வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இருந்தது. பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் இருந்தது. ஒரு மைல் தூரம் கம்பி இழுத்தால் மூன்று வீடுகள்கூடத் தேறாத இடங்களுக்கு வரத் தனியார் நிறுவனங்கள் மறுத்துவிட்டன. 1935 மே 11 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகம் என்ற அமைப்பை ஆணை மூலம் ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டு நெப்ராஸ்கா செனட்டர் ஜார்ஜ் நாரிஸும் டெக்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர் சாம் ரேபர்னும் முன்னின்று கொண்டுவந்த சட்டம் அதற்கு நிலையான வடிவம் தந்தது. அரசு குறைந்த வட்டிக்குக் கடன் தரும். கம்பம் நட்டுக் கம்பி இழுப்பதைக் கிராமத்தார் தாங்களே சங்கம் அமைத்துச் செய்துகொள்ள வேண்டும். பல இடங்களில் உறுப்பினர் கட்டணம் ஐந்து டாலர். பெருமந்தக் காலத்தில் ஐந்து டாலர் சின்னத் தொகை அல்ல. வராமலும் போகக்கூடிய ஒன்றை நம்பி அதைக் கட்டினார்கள். டெக்சாஸ் மலைநாட்டில் 1938இல் பெடர்னலஸ் கூட்டுறவுச் சங்கம் உருவானபோது, அதற்கான கடனுக்காக ரூஸ்வெல்ட் வரை போய்ப் பேசியவர் இளம் காங்கிரஸ் உறுப்பினர் லிண்டன் ஜான்சன். அவர் பிறகு அதிபரானார். கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, விறகடுப்பில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வாழ்ந்த பெண்களின் பேத்திகள் இன்று எங்கள் இதழைப் படிக்கிறார்கள். அந்தப் பாட்டிமார்களைப் பற்றி அவர்கள் எழுதி அனுப்பும் கடிதங்களை நான் ஒருபோதும் சுருக்குவதில்லை.

இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 900 மின்கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அவற்றின் கம்பிகள் ஓடுகின்றன. ஆனாலும் பழைய சிக்கல் அப்படியே நிற்கிறது. ஒரு மைல் கம்பிக்கு எங்களைப் போன்ற சங்கங்களுக்குச் சராசரியாக எட்டு இணைப்புகள்தான். மற்ற நிறுவனங்களுக்கு முப்பதுக்கு மேல். அதே கம்பத்தின் செலவைக் குறைவான பேர் பகிர்ந்துகொள்கிறோம். கட்டணம் பற்றி எழுதும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கை எங்காவது சொல்லியாக வேண்டும் என்பது என் பிடிவாதம். சொல்லாவிட்டால், பக்கத்து நகரத்து ரசீதோடு தங்கள் ரசீதை வைத்துப் பார்க்கிறவர்களுக்குச் சங்கம் ஏமாற்றுவதாகத்தான் தோன்றும். அப்படித் தோன்றுவதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

டெக்சாஸ் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொதுவாக 1944 முதல் ஒரு மாத இதழ் வருகிறது. 'டெக்சாஸ் கோ-ஆப் பவர்' என்று பெயர். சமையல் குறிப்பு, வாசகர் எடுத்த புகைப்படம், ஊர்த் திருவிழாக்கள் என்று மாநிலம் முழுவதற்கும் ஒரே பக்கங்கள்; நடுவில் அந்தந்தச் சங்கத்தின் சொந்தப் பக்கங்கள். அந்தச் சொந்தப் பக்கங்களில் எதைப் போடுவது என்பதில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கொரு கருத்து உண்டு. லைன்மேன் குழந்தைகளோடு சிரிக்கும் படமும் கல்வி உதவித்தொகை பெற்ற மாணவியின் படமும் வரட்டும், எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் கட்டண மாற்றம், துணைவிதித் திருத்தம், இயக்குநர் தேர்தல் வேட்புமனுவின் கடைசி நாள், மரம் வெட்டும் பணி எந்தச் சாலையில் என்பவை பெரிய எழுத்தில், முதலில் வர வேண்டும். அலுப்பான செய்திகள் என்று ஒதுக்கப்படும் இவைதான் உரிமையாளருக்குச் சேர வேண்டியவை. மற்றதெல்லாம் அழகுக்கு.

அப்படி அலுப்பானது என்று ஒதுக்கப்படும் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சங்கம் லாப நோக்கமற்றது. ஆண்டு முடிவில் செலவு போக மிஞ்சும் தொகை உறுப்பினர்களுக்கு உரியது. அவரவர் வாங்கிய மின்சாரத்துக்கு ஏற்ப அந்தத் தொகை அவரவர் பெயரில் பங்கு மூலதனமாக வரவு வைக்கப்படும். உடனே கையில் தருவதில்லை. கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், துணை மின்நிலையம் என்று அந்தப் பணம் பல ஆண்டுகள் உழைக்கும். பிறகு நிதிநிலையைப் பார்த்து இயக்குநர் குழு பழைய ஆண்டுகளின் தொகையைத் திருப்பித் தர முடிவு செய்யும். இதற்குள் இருபது ஆண்டுகள்கூட ஓடிவிடலாம். அதற்குள் உறுப்பினர் வீட்டை விற்றிருப்பார், வேறு மாநிலம் போயிருப்பார், இறந்தும் போயிருப்பார். அனுப்பிய காசோலை திரும்பி வரும். அப்படி உரிமை கோரப்படாத தொகைக்கு உரியவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறோம். பொடி எழுத்தில், பத்தி பத்தியாக, பெயர்கள் மட்டும்.

இந்தப் பட்டியலைக் குறைத்துவிட்டுப் படங்கள் போடலாம் என்று யோசனை வந்தபோதெல்லாம் நான் எதிர்த்திருக்கிறேன். எங்கள் பக்கங்களிலேயே மிகக் கவனமாகப் படிக்கப்படுவது அதுதான் என்று தொலைபேசி எடுக்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். "இது என் மாமனார் பெயர், அவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று அழைப்பு வரும். இறப்புச் சான்றிதழ், வாரிசு உறுதிமொழி, ஒரு படிவம், அவ்வளவுதான். தொகை பல நேரங்களில் சின்னது. ஒரு மாத ரசீதைக்கூட எட்டாது. ஆனாலும் அழைக்கிறார்கள். ஒரு மூதாட்டி தன் கணவரின் பெயர் அச்சில் வந்த அந்தத் தாளை இன்னொரு பிரதி அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டார். பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கடைசி வரை யாரும் கோராத தொகையைக் கல்வி உதவித்தொகை, ஊரக வளர்ச்சி போன்றவற்றுக்குச் செலவிடச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தச் செய்தியைப் போடும்போது பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே போடுகிறேன். உதவித்தொகை நிர்வாகத்தின் கொடை அல்ல, ஊரைவிட்டுப் போனவர்களும் இறந்துபோனவர்களும் விட்டுச் சென்றது.

2021 பிப்ரவரிக்கு வருகிறேன். அந்தக் குளிர்காலப் புயலைக் கடந்து வந்த டெக்சாஸ்காரர் எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. மின் உற்பத்தி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பிப்ரவரி 15 அதிகாலையில் மாநில மின்தொகுப்பின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து 59.4க்கும் கீழே இறங்கி நான்கு நிமிடங்களுக்கு மேல் அங்கேயே நின்றது. ஒன்பது நிமிடங்கள் நின்றிருந்தால் மீதமிருந்த நிலையங்களும் தாமாகக் கழன்றுகொண்டு மாநிலமே முழு இருளில் மூழ்கியிருக்கும். அதைத் தடுக்க, மின்தொகுப்பை நடத்தும் அமைப்பு எல்லா விநியோகச் சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் மின்சுமையை வெட்ட ஆணையிட்டது. உச்சத்தில் வெட்டப்பட்டது 20,000 மெகாவாட். மாநிலம் முழுவதும் இறந்தவர்கள் 246 பேர் என்று அரசு பின்னர் கணக்கிட்டது.

அந்த நாட்களில் எனக்குக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்போது வரும்?" யாருக்கும் பதில் தெரியாது. சுழற்சி முறையில் மின்தடை என்று முதலில் எல்லோரும் சொன்னார்கள். சுழற்ற முடியவில்லை. மருத்துவமனை, குடிநீர் நிலையம், தீயணைப்பு நிலையம் உள்ள ஃபீடர்களை, அதாவது துணை மின்நிலையத்திலிருந்து பிரிந்து போகும் மின்தடங்களை, அணைக்கக் கூடாது. அதிர்வெண் விழுந்தால் தானாக வெட்டிக்கொள்ளும்படி அமைத்த ஃபீடர்களையும் தொடக் கூடாது. அவற்றைக் கழித்துவிட்டு, வெட்டச் சொன்ன அளவையும் கழித்தால், மாற்றி மாற்றிக் கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை. அதனால் சில வீடுகளுக்கு நாள் கணக்கில் மின்சாரம் இல்லை, தெரு தாண்டிய வீட்டுக்கு ஒரு நிமிடம்கூடத் தடை இல்லை. இதை அப்படியே எழுதினோம். "விரைவில் சீராகும், பொறுமைக்கு நன்றி" என்று எழுதவில்லை. உங்கள் வீட்டுக்கு இன்றிரவு மின்சாரம் வரும் என்று எங்களால் சொல்ல முடியாது, வராது என்று எண்ணி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், கதகதப்பான இடங்கள் இவை, முகவரிகள் இவை என்று எழுதினோம். குளிரில் இருப்பவருக்கு ஆறுதல் வார்த்தை அனுப்பி அவரை வீட்டிலேயே உட்கார வைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. இன்றும் அதில் எனக்கு உறுதி உண்டு.

பிறகு வந்தது பணக்கணக்கு. மொத்தச் சந்தையில் ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சவரம்பு விலை நாட்கணக்கில் நீடித்தது. 16 விநியோகச் சங்கங்களுக்கு மின்சாரம் வழங்கிவந்த பிராசோஸ் மின்கூட்டுறவு, ஏறத்தாழ 200 கோடி டாலர் ரசீதைக் கட்ட முடியாமல் மார்ச் 1 அன்று திவால் பாதுகாப்பு கோரியது. சந்தையில் மின்சாரம் வாங்கிய பல சங்கங்களும் அந்த வாரத்தின் செலவை எப்படிக் கட்டுவது என்று திணறின. உறுப்பினர்களுக்குப் புரியும்படி அதை எழுதுவதுதான் என் பணிக்காலத்தின் கடினமான வேலை. சங்கத்துக்குத் தனி முதலாளி கிடையாது. நட்டத்தை ஏற்க வேறு பங்குதாரர் கிடையாது. கடன் வாங்கி ஆண்டுகளாகப் பிரித்துக் கட்டினாலும் கடைசியில் கட்டப்போவது அவர்கள்தான். அதை மறைக்காமல், மாதாமாதம் ரசீதில் எந்த வரியில் அது வருகிறது, எப்போது முடியும் என்று எழுதினோம். கோபக் கடிதங்கள் வந்தன. சிலர் நேரில் வந்து கத்தினார்கள். ரசீது வந்த பிறகு தெரிந்துகொண்டவர் என்று ஒருவர்கூட இருக்கக் கூடாது என்பதே அப்போது என் ஒரே குறிக்கோள்.

இந்த அமெரிக்க முறை இந்தியாவுக்கும் ஒரு காலத்தில் வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1969இல் ஊரக மின்மயமாக்கல் கழகம் தொடங்கப்பட்டபோது, அமெரிக்கக் கூட்டுறவுகளின் தேசியச் சங்கத்தின் துணையோடு ஐந்து இடங்களில் சோதனை முயற்சியாகச் சங்கங்கள் அமைந்தன. இன்றைய தெலங்கானாவின் சிர்சில்லா அவற்றில் ஒன்று. விசைத்தறிகளுக்குப் பேர்போன அந்த ஊரில் அந்தச் சங்கம் இன்னும் இயங்குகிறது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு ஊர் எதுவும் இல்லை. நாளிதழின் உள்பக்கத்தில் 'இன்றைய மின்தடை' என்று ஊர்ப்பெயர்களை வரிசையாகப் படித்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்தப் பெட்டிச் செய்தி ஒருவழிப் பாதை. படித்தவர் எழுந்து நின்று "ஏன்?" என்று கேட்க இடமில்லை.

இங்கே இடமுண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் பெரும்பாலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ கண்காட்சித் திடலிலோ நடக்கும். வறுத்த மீன் அல்லது பார்பிக்யூ, கம்ப வேலைக்காக லைன்மேனை மேலே தூக்கும் வாளி பொருத்திய லாரியில் குழந்தைகள் ஏறிப் பார்க்கும் வாய்ப்பு, குலுக்கலில் பரிசு. குறைந்தபட்ச வருகை இல்லாவிட்டால் தேர்தல் நடத்த முடியாது என்பதால் விருந்து இல்லாமல் முடியாது. அண்மையில் நடந்த கூட்டத்தில் அறிக்கைகள் முடிந்து, தேர்தல் முடிவு சொல்லி, எல்லோரும் நாற்காலியை நகர்த்தத் தொடங்கிய நேரத்தில் ஒரு விவசாயி ஒலிவாங்கிக்கு வந்தார். இயக்குநர்கள் ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு படி வாங்குகிறார்கள், வெளியூர் மாநாட்டுக்குப் போனால் யார் செலவு என்று கேட்டார். கூடம் அமைதியானது. தலைவர் தொகையைச் சொன்னார். விவசாயி, "அது அதிகம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இதை இதழில் போட வேண்டுமா என்று அலுவலகத்தில் விவாதம் வந்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் சில நூறு பேர், வராதவர்கள் ஆயிரக்கணக்கில். வந்தவர்களுக்குத் தெரிந்த பதில் வராதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று வாதாடினேன். பொது மேலாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போடுங்கள், தொகையையும் போடுங்கள்" என்றார். கேள்வி, பதில், "அது அதிகம்" என்ற கருத்து மூன்றையும் போட்டோம். அடுத்த தேர்தலில் எங்கள் மாவட்டத்தில் போட்டியிட அந்த விவசாயி வேட்புமனு வாங்கிப் போயிருக்கிறார். மனு தர கடைசி நாள் இந்த மாத இதழின் முதல் பத்தியில் இருக்கிறது.