பதினாறாம் நாள் வரை நாய்க்கு யார் சோறு வைப்பது?

நாம் இறந்தாலோ ஆஸ்பத்திரியில் கிடந்தாலோ வளர்ப்புப் பிராணிக்கு என்ன ஏற்பாடு என்றதும் எல்லோரும் உயிலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நம் வீடுகளில் உயிலைத் தேடி எடுப்பதே காரியம் முடிந்த பிறகு. அதுவரை பூனை காத்திருக்காது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகிவிடும். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் நாய்க்குத் திடீரென்று மாத்திரை நின்றால், அடுத்தடுத்து வலிப்பு வரும். அதனால் முதல் 48 மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். உயில் அப்புறம்.

தனியாக இருப்பவர் மயங்கி விழுந்தால், 108-ல் வருபவர்களை நாய் உள்ளே விடாது. எஜமானைக் காப்பதாகத்தான் அது நினைக்கும். நாய்க்குப் பழகிய ஒருவரிடம், நடந்தே வந்துவிடும் தூரத்தில் இருப்பவரிடம், ஒரு சாவி இருக்க வேண்டும். சங்கிலி அலமாரிக்குள் இல்லாமல் வாசல் கதவருகே ஆணியில் தொங்கட்டும். பூனை என்றால் தூக்கிப்போகும் கூண்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பின்னால் ஒரு சீட்டு: ‘வீட்டில் நாய் தனியாக இருக்கிறது, இவரைக் கூப்பிடவும்’, கீழே இரண்டு போன் எண்கள். போனின் அவசரத் தகவல் பக்கத்திலும் அதையே போடுங்கள். பூட்டியிருக்கும் போனிலும் அது தெரியும்.

கழுத்துப்பட்டைத் தகட்டில் இருப்பது பெரும்பாலும் வளர்ப்பவருடைய எண் மட்டும். அவரே ஐசியுவில் இருந்தால் அந்த எண்ணை யார் எடுப்பது? தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் பதிவிலும் இதே கோளாறுதான். இரண்டு இடத்திலும் இன்னொருவர் எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

சாவு வீட்டில் நாய் தொலைவது சுலபம். வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும், அறிமுகமில்லாத கால்கள் வந்துபோகும், தெருமுனையில் வெடி, பறை. மாடியில் கட்டிப்போட்டால் குரைக்கிறது என்று யாராவது அவிழ்த்துவிடுவார்கள். உடல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நாயை வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். அதைச் செய்யப்போவது யார் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு வந்து பொறுப்பு பிரிக்க யாருக்கும் நிதானம் இருக்காது.

பொறுப்பேற்பவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ‘நான் பாத்துக்கறேன்’ என்று அமெரிக்காவில் இருக்கும் மகன் சொல்வது பாசம். அதை ஏற்பாடாக எடுத்துக்கொள்ள முடியாது. வாடகை வீட்டில் இருப்பவரின் வீட்டுக்காரர் நாயை விடுவாரா, அவர் வீட்டுக் குழந்தைக்கு ஆஸ்துமா உண்டா, ஏற்கெனவே அங்கே நாய் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல வீடுகளில், உறவுக்காரர்களைவிட தினமும் வரும் வேலைக்காரம்மாவிடம்தான் நாய் ஒட்டுதலாக இருக்கும். அவருக்கு மாதச் செலவைக் கொடுத்து நாயையும் ஒப்படைப்பது நல்ல ஏற்பாடு என்பது என் கணிப்பு. கௌரவம் பார்க்க வேண்டியதில்லை. யாரானாலும், முதலில் இரண்டு இரவு நாயை அங்கே விட்டுப் பாருங்கள். சாப்பிடுகிறதா, ராத்திரி ஊளையிடுகிறதா, அவர் முகம் சுளிக்கிறாரா என்பது தெரிந்துவிடும். மாற்று ஆளாக ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஷெல்டரில் விட்டுவிடலாம்’ என்பதைக் கடைசி வழியாகக்கூட எண்ணாதீர்கள். பத்து வயது வீட்டு நாய் நூறு நாய்களின் குரைப்புக்கு நடுவே சாப்பாட்டை நிறுத்திவிடும். அங்கே நோய்த்தொற்றும் எளிதில் பரவும்.

அடுத்தது ஒரு தாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், பொறுப்பேற்பவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புங்கள். ‘ரெண்டு வேளை சாப்பாடு’ என்று எழுதினால் போதாது. எத்தனை மணிக்கு, எந்தக் கிண்ணத்தில், எத்தனை கிராம் என்று எழுதுங்கள். தயிர்சாதத்துக்குப் பழகிய நாய்க்கு ஒரே நாளில் கடைத்தீனி மாற்றினால் பேதியாகும். ஏழு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். ‘உக்காரு’ என்று பழக்கிய நாய்க்கு ‘சிட்’ புரியாது. அந்தச் சொற்களையும் எழுதுங்கள். இடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளியும், காதைத் தொட்டால் கடிக்கும் என்பதெல்லாம் புதியவருக்குத் தெரியாது.

மருந்துப் பெயரோடு மில்லிகிராம், வேளை, டாக்டர் சீட்டின் நகல் மூன்றும் வேண்டும். சீட்டு இல்லாமல் வலிப்பு மாத்திரை தரமாட்டார்கள். இன்சுலின் போடும் பிராணி என்றால், பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று சிவப்பு மையில் எழுதுங்கள். 100 யூனிட் இன்சுலினை 40-க்கான சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை இறங்கிச் செத்தே போகலாம். ஊசியும் பாட்டிலும் ஒரே பையில் சேர்ந்தே இருக்கட்டும். பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். அதையும் எழுதிவிடுங்கள்.

பணம். நம் சட்டப்படி நாய் ஒரு சொத்து. சொத்துக்குச் சொத்து எழுத முடியாது. 1882-ன் அறக்கட்டளைச் சட்டத்தில் பயனாளி என்றால் சொத்து வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள நபர். எனவே உயிலில் நாயை ஒருவருக்கு என்றும், அதன் செலவுத் தொகையை அவருக்கே என்றும் எழுதுங்கள். ரத்தன் டாடா தன் நாய் டிட்டோவின் பராமரிப்புக்கு உயிலில் வழி செய்திருந்தது செய்திகளில் வந்தது. ‘என் நாய் மணி’ என்று மட்டும் எழுதினால் மணிக்குப் பிறகு வந்த நாய் விட்டுப்போகும். ‘நான் இறக்கும்போது என்னிடம் இருக்கும் நாய்கள், பூனைகள்’ என்று எழுதுங்கள். முதல் ஆள் மறுத்தால் பிராணியும் பணமும் சேர்ந்தே இரண்டாவது ஆளுக்குப் போக வேண்டும் என்ற வரி கட்டாயம். இல்லாவிட்டால் பணம் ஓரிடம், நாய் தெருவில். கைவிட்டால் தண்டனை உண்டே என்பீர்கள். 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறைக்கு எழுதியிருக்கும் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். உயிலுக்கு வெள்ளைத்தாள் போதும், பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பொறுப்பேற்பவரையே சாட்சியாகப் போடாதீர்கள்.

தொகை எவ்வளவு? மாதம் 4,000 செலவு, நாய் இன்னும் ஆறு வருஷம் இருக்கும் என்றால் 2,88,000. வயதான காலத்து வைத்தியத்துக்கு மேலே ஒரு 50,000 வையுங்கள்.

உயில் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். ‘பவர் எழுதிக் கொடுத்திருக்கேனே’ என்பது பலரின் தெம்பு. பவர் என்றால் நமக்காகச் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். ஆனால் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் போனாலோ பவர் முடிந்துபோகும். அதாவது, தேவைப்படும் நேரத்தில்தான் அது செல்லாது. நம்பிக்கையானவரோடு, இருவரில் யாரும் பணம் எடுக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் எடுக்கலாம் என்ற ‘எய்தர் ஆர் சர்வைவர்’ முறையில் தனியாக ஒரு சிறு கூட்டுக் கணக்கு தொடங்கி, மூன்று மாதச் செலவை அதில் போட்டுவையுங்கள். ஆஸ்பத்திரி நாட்களுக்கும் அதுவே உதவும்.

பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. 1972-ன் வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். உயிலில் எழுத வழியில்லை, வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். மாநகராட்சி உரிமம் உள்ள நாய் என்றால் அதைப் புதியவர் பெயருக்கு மாற்றத் தடுப்பூசி அட்டை வேண்டும். தாளோடு சேர்த்து வையுங்கள். ரேபிஸ் ஊசி வருஷத்துக்கு ஒரு முறை. ஊசி போட்டு வந்த அன்றே தாளில் எடையையும் மருந்து அளவையும் திருத்தி, சாவி வைத்திருப்பவர் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறாரா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.